தங்க வாசலில் ஒரு கேள்வி

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. பல வருடங்களாக அது செய்கிற ஒரே வேலை அதுதான். புகை கலந்த நீல நிறம். ஓசூரில் தை மாதக் காலைகளில் பனி இறங்கும்போது அந்த நிறமும் பனியும் ஒன்றாகிவிடும். ஹெட்லைட்டும் ஒற்றைக் கண்ணாடியும் மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல இருக்கும். பழைய இரும்பு எடுக்க வருகிறவர் மாதம் ஒருமுறை கேட்டருகே நின்று அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார். நானும் ஏறக்குறைய அதே ஏக்கத்தோடுதான் பார்ப்பேன். என் மனைவி பார்க்கவே மாட்டாள்.

அது என் கல்யாணத்துக்கு வந்த வண்டி. வரதட்சணை என்று எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ‘மாப்பிள்ளைக்கு அவங்களா ஆசையாச் செய்யறாங்க’ என்றுதான் சொன்னார்கள். ஆசையாகச் செய்கிறவருக்குக் குழப்பம் வரக் கூடாதென்று மாடலையும் நிறத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுத்திருந்தோம். எழுதியது நான். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

கல்யாணம் நாகரசம்பட்டியில், பெண் வீட்டு மாந்தோப்பை ஒட்டிப் போட்ட பந்தலில். மாங்காய் அறுப்பு முடிந்ததும் வண்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று என் மாமனார் சொல்லியிருந்தார், என் அப்பாவும் தலையாட்டியிருந்தார். கல்யாணத்தன்று காலையில் என்ன ஆனதோ, யார் காதில் என்ன ஓதினார்களோ, அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, “சாவி வரட்டும். அப்பறம் தாலிய எடுக்கலாம்” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. பம்பை அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

மாமனார் வீட்டுக்குள் போனார். உள்ளே, மணப்பெண் அலங்காரத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கழுத்திலிருந்து ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றி, கைக்குள் மூடிக்கொண்டு வெளியே வந்தார். யாருடைய மொபெட்டிலோ பின்னால் ஏறி மத்தூர் பக்கம் போனார். அவர் சாவியோடு திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முகூர்த்தம் போய்விட, ஐயர் பஞ்சாங்கத்தைத் தோண்டி அதே காலையில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஒன்றரை மணி நேரமும் நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இரண்டு பட்டம். பெண்ணுரிமை பற்றி ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தேன். அந்த இதழ் பந்தலில் என் நண்பன் கையிலேயே இருந்தது. வெயில் ஏறியதும் அதைத்தான் விசிறிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி அந்தக் காலையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. சண்டையில்கூட எடுத்ததில்லை, அதுதான் கஷ்டம். அந்த ஸ்கூட்டரில் மட்டும் அவள் ஏறவில்லை. “எனக்குத் தலை சுத்தும்ங்க” என்றாள். நான் நம்பினேன். அவள் பஞ்சாயத்துப் பள்ளி ஆசிரியை. காலையில் பஸ் ஸ்டாப்புக்கு அரைக் கிலோமீட்டர் நடப்பாள். அவளை நடக்கவிட்டு நான் மட்டும் விர்ரென்று போவது நன்றாயிருக்காதே என்று, அவள் பக்கத்திலேயே அவள் நடை வேகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன். ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கம்பெனி ஆட்கள் இந்த ஊர்வலத்தைத் தினமும் பார்த்தார்கள். ஒருவர் ஒருநாள், “சார், வண்டிய நடத்திக்கினு போறீங்களா, வண்டி ஒங்கள நடத்திக்கினு போவுதா?” என்று கேட்டார்.

பிறகு மகன் வளர்ந்து, வேலைக்குப் போய், முதல் சம்பளக் காலத்தில் ஒரு பைக் வாங்கினான். அன்று சாயங்காலம் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து, மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். தலை சுற்றவில்லை. வண்டிக்கு வண்டி பார்த்துச் சுற்றுகிற தலைச்சுற்று அது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மறுநாளிலிருந்து நானும் அந்த ஸ்கூட்டரை எடுக்கவில்லை. அதைப் படிக்கடியில் நிறுத்தியவன் நான்தான்.

எப்போதாவது ஒருநாள் அவள் கேட்பாள் என்று தெரியும். ‘ஏன் வாயைத் தொறக்கல?’ என்பாள். அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துவைப்பேன். அதில் அப்பாவின் கோபம், அம்மாவின் பயம், அந்தக் காலத்துச் சூழல் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. கேட்டால் எனக்கே கண் கலங்கும்.

மகன் வேலை செய்கிற கம்பெனி அவனை இரண்டு வருடத்துக்குத் தாய்லாந்துக்கு அனுப்பியது. அங்கேயும் ஒரு தொழிற்பேட்டை, அங்கேயும் ஷிப்ட் பஸ், சைரன், கேன்டீன். போன புதிதில் வீடியோவில் காட்டினான். நடுவில் தென்னையும் வாழையும் மட்டும் கொஞ்சம் அதிகம். “இதுக்கு நீ சூளகிரிக்கே மாத்தல் வாங்கியிருக்கலாமேடா” என்றேன். ஆறு மாதம் கழித்து வீடியோவில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். தரப் பரிசோதனைப் பிரிவு. “வணக்கம் மாமா, சாப்பிட்டீங்களா?” என்றாள். கேன்டீனில் எங்கள் பக்கத்துப் பையன்களிடம் கற்ற தமிழ். அதில் தர்மபுரி இருந்தது.

அவள் அம்மாவுக்குக் கல்யாணத்தை ஓசூரிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை: அவர்கள் முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தட்டு எடுத்து ஊர்வலமாக வர வேண்டும். அதற்குக் கன் மாக் என்று பெயராம். கன் என்றால் கிண்ணம், மாக் என்றால் பாக்கு.

“வெத்தல பாக்குதானே, அதுக்கென்ன” என்றேன்.

“அது மட்டும் இல்லப்பா,” என்றான் மகன் போனில். “பொண்ணோட அம்மாவுக்கு நாமதான் பணமும் நகையும் வைக்கணும். எல்லாரும் பாக்கறமாரி துணி விரிச்சு அது மேல வைக்கணும். அவங்க அத எங்களுக்கே திருப்பிக் குடுத்துருவாங்களாம். ஆனா வைக்கணும். வந்து கேக்கணும்.”

“அதுக்கு என்னா பேரு?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அதுக்கு ஒரு பேரு இருக்கும்மா. ஆனா சும்மா பேச்சுல பால் விலைன்னு சொல்லுவாங்க. அம்மா குடுத்த பாலுக்காம்.”

கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து தோசை தீயும் வாசனை வந்தது. அவள் தோசையைக் கருகவிட்டு நான் பார்த்ததே இல்லை. அதைச் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாவை ஊற்றினாள். “செய்யலாம்னு சொல்லுங்க” என்றாள்.

நான் கொஞ்சம் படிக்கிற ஆள் என்பதால் உடனே படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்து நாடுகள் பலவற்றில் இப்படித்தான், மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குக் கொடுக்கிறது; ஒரு தேசத்தில் சிவப்புப் பெட்டியில், இன்னொன்றில் வெற்றிலையைப் பறவைபோலவும் பூபோலவும் மடித்த தட்டுகளில். படித்ததையெல்லாம் எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி இருக்கிற கன்னடக்காரரிடம் போய்ச் சொன்னேன். ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“இதேனு ஹொசது சார், இதுல என்ன புதுசு? எங்க தாத்தா காலத்துல நம்மகிட்டயும் இதுதான். தெர அம்போம், தெரன்னு சொல்லுவோம். பொண்ணு வீட்டுக்குத் தெர குடுக்காம பொண்ண அனுப்ப மாட்டாங்க. நீங்க பரிசம்னு சொல்றீங்களே, அதேதான்.”

உண்மைதான். எங்களிலும் பரிசம் போட்டுத்தான் பெண் எடுத்தார்கள். என் தாத்தா கொடுத்தார், என் அப்பா வாங்கினார். நடுவில் ஏதோ ஒரு முகூர்த்தத்தில் தட்டு திசை மாறியிருக்கிறது. ஓசூரில் ஒரு தெருவை ஒருவழிப் பாதையாக மாற்றினால்கூட ஒரு வாரம் போலீஸ்காரர் நின்று விசில் ஊதுவார். இதற்கு யாரும் ஊதவில்லை.

அந்தக் கன்னடக்காரர் வீட்டின் கீழ்த்தளம் காலியாக இருந்தது. அதையே பெண் வீடு என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு இரண்டும் மகன்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண் வீட்டுக்காரர் ஆன சந்தோஷத்தில், வாசலுக்கு வெள்ளையடித்து, என்னைக் கண்டால் ஒரு மாதிரி நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். “நான் இப்ப ஹெண்ணு மனெ ஆளு சார். பாத்துப் பேசுங்க.”

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். மருமகள், அவள் அம்மா, சித்தி, தம்பி. சம்பந்தியம்மா சின்ன உருவம். ஒரு கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓசூர்ப் பனியில் நின்று, தெருவில் போன ஒரு முட்டைக்கோஸ் லாரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றாள் என் மனைவி மருமகளிடம்.

“உங்க கை சூடா இருக்குன்னு சொல்றாங்க, அத்தை.”

அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்கத் தட்டு அடுக்கினோம். தலைமை என் அக்கா. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, பட்டு, லட்டு என்று கூடத்தில் இருபத்தொரு தட்டு வரிசையாக வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள். வந்து பார்த்தால் இருபது. திட்டிக்கொண்டே ஒன்றைச் சேர்த்தாள். குளித்துவிட்டு வந்தால் மறுபடி இருபது. “இந்த வூட்ல எலி தட்டு தூக்குது” என்றாள். மத்தியானம் நான் கதவோரம் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தபோது எலியைப் பார்த்தேன். தாய்லாந்துச் சித்தி. வெறுங்காலோடு பூனைபோல வந்து, இரண்டிரண்டாக விரலால் தொட்டுப் பார்த்து, ஜோடி சேராமல் கடைசியில் தனியாக நின்ற தட்டைப் பரிவோடு எடுத்துக்கொண்டு போனார். அவர்களுக்குக் கல்யாணத்தில் எல்லாம் ஜோடியாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஒற்றைப்படை.

என் அக்காவுக்கும் அந்தச் சித்திக்கும் பொதுவான மொழி இல்லை. ஆகவே சண்டை நன்றாக நடந்தது.

“இன்னாம்மா நீ, இருவது தட்டு எடுத்துக்கினு போனா ஊரு சிரிக்காதா?” என்றாள் அக்கா.

சித்தி சிரித்துக்கொண்டே இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

“ரெண்டுன்னா? ரெண்டு பேரு கட்டிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

மருமகள்தான் தீர்த்துவைத்தாள். “பெரியம்மா, ஒரு தட்டு இப்பவே எங்க வூட்டுக்கு வந்துரட்டும். இருவது, ஜோடியா நடந்து வரட்டும். வந்து சேந்தா இருவத்தொண்ணு.” அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இவ தரப் பரிசோதனைதான்” என்றாள் என்னிடம். முன்னால் போன அந்த ஒரு தட்டுக்குக் கன்னடக்காரர் காவல்.

அதன் பிறகுதான் வாசல் விஷயம் வந்தது. ஊர்வலம் வாசலுக்கு வந்ததும் நேரே உள்ளே போய்விட முடியாதாம். பெண் வீட்டார் ஆளுக்கொரு முனையாகச் சங்கிலி பிடித்து வழி மறிப்பார்கள். முதலில் வெள்ளி வாசல், அப்புறம் தங்க வாசல். மறிப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், கேலி செய்வார்கள். பதில் சொல்லி, பணக் கவர் கொடுத்து, கெஞ்சிக் கேட்டுத்தான் தாண்ட வேண்டும். இரண்டு வாசல் என்றால் நான்கு முனை. அவர்களில் மணப்பெண் உள்ளே இருந்துவிட்டால் பிடிக்க மூன்று பேர்தான். ரோஜாத் தோட்டக்காரர் கையைத் தூக்கினார். தங்க வாசலுக்குப் பெண்கள்தான் வேண்டும் என்று சம்பந்தியம்மா தயங்கினார்.

“நான் புடிக்கறேன்” என்றாள் என் மனைவி.

“நீ மாப்பிள்ளைக்கு அம்மாடி,” என்றாள் என் அக்கா. “நம்ம பக்கம் தட்டு தூக்கணும்.”

“தட்டு தூக்க இருவது பேரு இருக்கறீங்க. அங்க ஆளு இல்ல.” பீரோவைத் திறந்து தன் சங்கிலியை எடுத்தாள். ரெட்டைவடம். பழையது மத்தூரிலிருந்து திரும்பி வரவேயில்லை. பல வருடம் கழித்து அதே மாதிரி அவள் சம்பளத்தில் அவளே செய்துகொண்டது. போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா கொண்டுவந்திருந்த சங்கிலியோடு அதைக் கொக்கி மாட்டி நீளம் பார்த்தாள். சரியாக வாசலகலம் இருந்தது.

நான் போய்த் தட்டுகளை மறுபடி எண்ணினேன். இருபது.

கல்யாணக் காலையில் பனி முழங்கால் உயரத்துக்குத் தரையிலேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து பெண் வீடு நாலே வீடு தூரம். நடந்தால் ஒரு நிமிடம். ஆகவே தெருவைச் சுற்றி, பால் பூத், டீக்கடை, கம்பெனி பஸ் ஸ்டாப் வழியாகத் திரும்பி வந்தோம். முன்னால் ஜோடி வாழைக்கன்று, ஜோடிக் கரும்பு. அதற்காக நாங்கள் எதையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் வாழையும் கரும்பும்தான் முன்னால் போகுமாம். பின்னால் இரண்டிரண்டு பேராகத் தட்டுகள். பனியில் கால் தெரியாததால் எல்லோரும் மிதந்து போவதுபோல இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு ரோஜாத் தட்டுகள் மட்டும், யார் கையில் இருக்கின்றன என்று தெரியாமல், தாமாகவே முன்னேறின. மொத்தக் கூட்டமும் வேறு யாரோ காணும் கனவுக்குள் தப்பிப் புகுந்துவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. அதில் நான் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் வழக்கப்படி ஒருவர் ‘ஹோ…’ என்று நீளமாகக் கூவ, மற்றவர்கள் ‘ஹியூ!’ என்று முடிக்க வேண்டும். மகன் கூவினான். எங்கள் சொந்தக்காரர்கள் கூச்சப்பட்டு, தொண்டையைச் செருமி, இரண்டாம் முறையில் பழகிக்கொண்டார்கள். பம்பைக்காரர்கள் அதற்குத் தகுந்தபடி அடியை மாற்றினார்கள். பஸ் ஸ்டாப்பில் காலை ஷிப்டுக்கு நின்ற ஆட்களும் ‘ஹியூ!’ என்றார்கள். அந்தக் காலத்தில் வண்டியை வைத்து என்னைக் கேலி செய்தவர் அதில் இருந்தாரா என்று பார்த்தேன். அவருக்கும் வயதாகி எங்கேயோ போயிருப்பார்.

வெள்ளி வாசல் சுலபம். சித்தியும் தம்பியும் வெள்ளிச் சங்கிலி பிடித்து நின்றார்கள். “ஆடு!” என்றான் தம்பி, தன் அக்காவிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல். மகன் ஆடினான். என் அக்கா தட்டோடு ஆடினாள். சித்தி சங்கிலியை விட்டுவிட்டுத் தானும் ஆட வந்துவிட்டதால் வாசல் தானே திறந்துகொண்டது.

தங்க வாசலில் சம்பந்தியம்மா ஒரு முனை, என் மனைவி ஒரு முனை. நடுவில் இருவர் சங்கிலியும் சேர்ந்து லேசாகத் தொங்கியது. மகன் முன்னால் போய் நின்றான். சம்பந்தியம்மா ஏதோ கேட்க, உள்ளேயிருந்து மருமகள் குரல் தமிழில் வந்தது: “என்னை விட்டுட்டு வெளியூர் டியூட்டிக்குப் போவியா?”

“கேட்டுட்டுப் போறேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலி உயர்ந்தது. அவன் உள்ளே போனான்.

நான் பின்னாலேயே காலெடுத்து வைத்தேன். சங்கிலி இறங்கியது.

“மாப்பிள்ள போகலாம்,” என்றாள் என் மனைவி. “மாப்பிள்ளையோட அப்பா நில்லுங்க.”

கூட்டம் ‘ஹியூ!’ என்றது. கன்னடக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து கை தட்டினார். சம்பந்தியம்மா இது எங்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்து மரியாதையோடு தன் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பார்வை அது. அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் பொய் சொல்லித் தப்பியதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதோ வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துடைத்துவைத்திருந்த பதிலை உள்ளே தயாராக எடுத்தேன். அப்பாவின் கோபம், அம்மாவின் பயம், அந்தக் காலத்துச் சூழல்.

குரலைத் தணித்துக்கொண்டாள். பம்பைச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“அன்னிக்கி எங்கப்பா மத்தூருக்குப் போனாரு இல்ல, நீங்க மணையில ஒக்காந்து சிரிச்சீங்க. என்னாத்துக்குச் சிரிச்சீங்க?”

நான் சிரித்தேன் என்பதை யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியாது. வெறுங்கழுத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தவள் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடமாக, நான் வாயைத் திறக்காததை அவள் மன்னிப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோ வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

“வாயத் தொறந்து சொல்லுங்க” என்றாள், டீச்சர் குரலில்.

“வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்” என்றேன்.

“எங்க?”

“ராயக்கோட்டை ரோட்டுல. மனசுக்குள்ள. ரெண்டு பக்கமும் புளிய மரம். காத்து நல்லா அடிச்சுது.” என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. “நிறங்கூட அந்த நீலம்தான்.”

அவள் சங்கிலியைப் பார்த்தாள், பிறகு என்னை.

“தனியாவா?”

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ‘இல்ல, நீ பின்னாடி ஒக்காந்திருந்த’ என்பதுதான் சரியான வசனம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைத் திருத்தாமல் போடுவார். ஆனால் அந்த ரோட்டில், அந்த வெயிலில், அந்தக் காற்றில், பின் சீட்டில் யாரும் இல்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அன்று எனக்கு நினைவில்லை.

“தனியாத்தான்” என்றேன்.

பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ, “இன்னா சார், கவர எடுங்க, உள்ள காப்பி ஆறுது!” என்று கத்தினார்கள். என் மனைவி அசையவில்லை. அவள் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். படிக்கிற ஆள் என்று பெயர்தான். பிறகு அவள் கை கொஞ்சம் உயர்ந்தது. மகனுக்கு உயர்ந்த அளவுக்கு இல்லை, என் மார்பு உயரத்துக்கு மட்டும்.

“குனிஞ்சு வாங்க” என்றாள்.

குனிந்தேன். எனக்கு இடுப்பு வலி உண்டு. நடுவில் ஒருமுறை நின்றுவிட்டேன். சங்கிலி என் தலைக்கு மேலே சில்லென்று உரசியது. கன்னடக்காரர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, “பந்த்ரா, பன்னி பன்னி, வாங்க வாங்க” என்று என்னைப் பெண் வீட்டுக்குள் வரவேற்றார்.

உள்ளே துணி விரித்து வைக்க வேண்டியதை வைத்தோம். சம்பந்தியம்மா அதன் மேல் எள்ளும் நெல்லும் பூவும் தூவினார். அந்தச் செல்வம் பெருகுமாம். துணியோடு மூட்டையாகக் கட்டி, கனம் தாங்காததுபோலத் தோளில் வைத்து ‘அம்மாடி’ என்று தள்ளாடி நடந்து காட்டினார். அதுவும் வழக்கமாம். என் மனைவி அவர் கூடவே, மூட்டையின் அடியில் ஒரு கை கொடுத்து நடந்தாள். அவளும் தள்ளாடினாள். சிரித்தாள்கூட. மதியம் தாலி கட்டு எங்கள் முறைப்படி, மண்டபத்தில். சாவி எதுவும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, காலித் தட்டுகளை எடுத்துவைக்க இடம் தேடினேன். மாடிப்படிக்கு அடியில் ஸ்கூட்டர் மேல் யாரோ ஜோடிக் கரும்பைச் சாத்தியிருந்தார்கள். பின் சீட்டில் ஏழெட்டுத் தட்டு. ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு டயரும் காற்றில்லாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

அவள் வந்தாள். கையில் கண்ணாடி டம்ளரில் காப்பி, ஒன்றுதான். என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த தட்டுகளைத் தானே இறக்கினாள். முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். பட்டுச் சேலை. அந்தத் தூசுக்குப் பருத்தியே போதும். சொல்லவில்லை. நான் சொல்லிக் கெடுத்த சந்தர்ப்பங்கள் நிறைய.

“முன்னாடி ஒக்காருங்க” என்றாள்.

“ஓடாது” என்றேன்.

“தெரியும்.”

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரில் கைவைத்ததும் துரு ஒட்டியது. பின்னால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஸ்டாண்ட் கிறீச்சிட்டு, நின்றது. அவள் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை. ஸ்டெப்னி கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் காம்பவுண்ட் சுவர். அதன் மேலே மறுபடி பனி இறங்கத் தொடங்கியிருந்தது; தெரு விளக்கு வந்து, அந்த வெளிச்சத்தில் சுவர் இருக்கிற இடமே தெரியவில்லை. கரும்புச் சோகை காதோரம் சரசரத்தது.

“எங்க போறீங்க?” என்றாள்.

“ராயக்கோட்டை ரோடு.”

தெருவில் ராத்திரி ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“மெதுவாப் போங்க,” என்றாள். “எனக்குத் தலை சுத்தும்.”